இருபத்தைந்துக்கு ஆறு

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தனியார் ஸ்கேன் சென்டர் இருக்கிறது. அங்கே சி.டி. மெஷினை இயக்குகிறவள் தமிழ்ப்ரியா. சொந்த ஊர் நல்லேப்பிள்ளி. கோயமுத்தூரில் டிப்ளமோ படித்துவிட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. 2021 ஏப்ரல் கடைசியிலிருந்து ஒன்றரை மாதம் அவள் மனிதர்களின் நெஞ்சைத் தவிர வேறெதையும் படம் பிடிக்கவில்லை.

மெஷினிலேயே பதிவு செய்த குரல் ஒன்று உண்டு. அது இங்கிலீஷிலும் இந்தியிலும் மூச்சை இழுக்கச் சொல்லும். மேசையில் கையை மேலே தூக்கிப் படுத்திருக்கிற விவசாயிக்கு அது விளங்குமா? அதனால் தமிழ்ப்ரியா கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் தானே சொல்வாள். “மூச்ச நல்லா இழுங்க. அப்படியே புடிச்சுக்கோங்க. ம், உடுங்க.” ஒரு நாளைக்கு நாற்பது தடவை. மலையாளம் பேசுகிறவர்களுக்கு மலையாளத்தில்.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. “எத்தனைங்க?”

நுரையீரலில் வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு என்று ஐந்து மடல்கள். ஒவ்வொன்றிலும் நோய் எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று பார்த்து ஐந்துக்கு மார்க் போடுவார்கள். ஆக மொத்தம் இருபத்தைந்து. ஏழு வரைக்கும் லேசு. பதினேழு வரைக்கும் நடுத்தரம். அதற்கு மேலே போனால் கடுமை. திருச்சூரில் ஒரு டாக்டர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் படங்களைப் பார்த்து மார்க் போட்டு அனுப்புவார். டெக்னீஷியன் வாய் திறக்கக் கூடாது என்பது சென்டரின் சட்டம். ஆனால் நாளெல்லாம் பார்க்கிற கண்ணுக்கு எண்ணைச் சொல்ல டாக்டர் எதற்கு? படம் திரையில் வரிசையாக ஓடும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடியில் வாயால் ஊதினாற்போல ஒரு மங்கல். அந்த மங்கல் எத்தனை இடத்தில், எவ்வளவு அகலத்தில் என்பதுதான் கணக்கு. டாக்டரின் மார்க்குக்கும் அவள் மனசில் போட்டதற்கும் ஒன்று இரண்டுக்கு மேல் வித்தியாசம் வராது.

வீட்டில் அம்மாவும் அண்ணன் குடும்பமும் இருந்ததால், நோயைக் கொண்டுபோக வேண்டாம் என்று சென்டரின் மாடி அறையிலேயே தங்கிக்கொண்டாள். அறையில் கூட இருந்தவள் லிஜி, கட்டப்பனைப் பக்கத்துப் பெண். கீழே இரத்தப் பரிசோதனை லேப் அவள் பொறுப்பு. இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை மூடுகிற வெள்ளைக் கிட்டைக் கழற்றும்போது உள்ளே போட்ட துணி பிழிந்தால் வடிகிற மாதிரி நனைந்திருக்கும். பேசிக்கொள்ளத் தெம்பு இருக்காது. சோற்றைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார்கள்.

முதல் வாரத்தில் தமிழ்ப்ரியா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். யார் பிழைத்தார்கள் என்று விசாரிக்கவும் செய்தாள். இரண்டாம் வாரத்தில் அது நின்றுபோனது. எலப்புள்ளியிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். அவருக்கு நாலு, அந்த அம்மாவுக்குப் பதினேழு. “எனக்கு எத்தனையானாலும் போகுதுங்க. அவளுக்குக் கம்மிதானுங்களே?” என்று அந்த மனிதர் கேட்டார். “ரிப்போர்ட் வருமுங்க” என்று சொல்லிவிட்டு மருந்துத் துணியை எடுத்து மேசையைத் துடைக்கப் போனாள். மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது, தனக்கு வருத்தமே வரவில்லை என்பது உறைத்தது. உறைத்ததே தவிர, அதற்கும் வருத்தம் வரவில்லை.

இந்த நிலைமையில்தான் அவள் அண்ணன் மோகனசுந்தரம் வந்தான்.

முப்பத்தாறு வயசு. கஞ்சிக்கோட்டில் இரும்புக் கம்பி செய்கிற கம்பெனி ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். அங்கே ஒரே வாரத்தில் பதினோரு பேருக்குக் காய்ச்சல். இவனுக்கும் வந்து, பரிசோதனையில் உறுதியாகி, வீட்டிலேயே தனி அறையில் இருந்தான். விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் ஆக்ஸிஜன் தொண்ணூற்றேழு இருந்தது. வீட்டிலேயே இருந்தால் போதும், குறைந்தால் கூப்பிடுங்கள் என்று, வீடு வீடாக வந்து பார்க்கிற ஆஷா ஒர்க்கர் சொல்லிப் போயிருந்தாள். ஆனாலும் மூன்றாம் நாள் காலையில் தங்கைக்குப் போன் போட்டான்.

“அம்மிணி, ஊர்ல இருக்கறவனெல்லாம் உன்கிட்டப் படம் புடிச்சுட்டுப் போறான். கூடப் பொறந்தவனுக்கு எடுக்க மாட்டியா?”

“மூணாம் நாள்ல எடுத்தா ஒண்ணும் தெரியாதுண்ணா. ரெண்டு நாள் போகட்டும்.”

“ஒண்ணும் தெரியாட்டி நல்லதுதான? அம்மாகிட்டச் சொல்லிக்கலாம்ல. அது சோறே திங்க மாட்டேங்குது.”

வேண்டாம் என்று அவள் இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். வெளியே பதினெட்டுப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். வாதம் பண்ண நேரமில்லை. “சரி, வா” என்றாள்.

இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு பைக்கிலேயே வந்துவிட்டான். கழுத்துச் செயினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மேசையில் படுத்தான். அவள் மைக்கில் மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தான். கிணற்றில் முங்கு நீச்சல் அடித்து வளர்ந்த மூச்சு. படம் எடுத்து முடிந்து “உடுண்ணா” என்று சொன்ன பிறகும் விடாமல் படுத்திருந்தான். “இன்னுங் கொஞ்ச நேரம் புடிக்கட்டுமா?” என்று உள்ளேயிருந்து கேட்டான். பல நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

திரையில் இரண்டு கீழ் மடல்களிலும் ஓரமாகச் சில மங்கல்கள். அவ்வளவுதான். மேலே எல்லாம் நல்ல கறுப்பு.

அவன் எழுந்து செருப்பை மாட்டும்போது கதவருகில் வந்து, இத்தனை நாளில் ஒருவரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள். “ஆறுதாண்ணா. பயப்படாத.”

அவன் வாசலுக்குப் போவதற்கு முன்னாலேயே பெண்சாதி மோனிஷாவுக்குப் போன் போட்டுவிட்டான். “ஆறாம். இருபத்தஞ்சுக்கு ஆறு. பள்ளிக்கூடத்துல கூட நான் இத்தன கம்மியா வாங்குனதில்ல.”

போகிற வழியில் லிஜி அவன் கையில் ஊசி குத்தி மூன்று குழாய் இரத்தம் எடுத்தாள். ஸ்கேனுக்கு வருகிற எல்லாருக்கும் அது வழக்கம். உடம்புக்குள் வீக்கம் எவ்வளவு, இரத்தம் உறைகிறதா, வெள்ளணுக்கள் எப்படி இருக்கின்றன என்று அதில் தெரியும். முடிவு சாயங்காலம் அவரவர் போனுக்கு வந்துவிடும். குழாய்களில் பெயர் இராது, நம்பர்தான். இரத்தம் மட்டும் கொடுக்க வந்தவர்களையும் சேர்த்து அன்றைக்கு லிஜியிடம் நூற்றுத் தொண்ணூறு பேருடைய குழாய்கள் இருந்தன.

திருச்சூர் டாக்டரும் ஆறு என்றே எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரு வரி: அறிகுறி தொடங்கி மூன்று நாளே ஆகியிருப்பதால் இதை முடிவாகக் கொள்ள வேண்டாம், இரத்தப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்கவும். தமிழ்ப்ரியா அந்த வரியை மற்றவர்களின் ரிப்போர்ட்டில் நூறு தடவை பார்த்தவள். அண்ணனுடையதில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடினாள். லேப் அடுத்த அறைதான். எட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் லிஜி நம்பரைத் தட்டிச் சொல்லியிருப்பாள். சாயங்காலம் கேட்க நினைத்தாள். சாயங்காலம் ஆம்புலன்ஸில் மூன்று பேர் சேர்ந்தாற்போல் வந்தார்கள். மறந்துபோனாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் போனில் பேசினார்கள். “எப்படிண்ணா இருக்குது?” “நல்லாத்தான் இருக்குது.” “சாப்டியா?” “ம்.” எப்போதும் பத்து வார்த்தை பேசுகிறவன் இரண்டு வார்த்தையில் முடிக்கிறான் என்பதைக் காது கேட்டது. மனசு அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஆறுதானே என்று இருந்துவிட்டாள்.

ஏழாம் நாள் காலை எட்டரை மணிக்கு மோனிஷாவின் போன் வந்தது.

“தமிழு, விரல்ல மாட்டுனா எம்பத்தாறு காட்டுது. உங்கண்ணன் உக்காந்தே இருக்கறாரு, படுக்க முடியலீங்கறாரு.”

“எப்ப இருந்துங்க, நங்கை?” அண்ணன் பெண்சாதியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“முந்தாநாள் தொண்ணூத்தி மூணு இருந்துச்சு. உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டாரு.”

பஞ்சாயத்து ஆம்புலன்ஸ் வந்து ஏற்றியது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கும், ஆனால் வரும்போதே புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சித்தூர் வழியாகத்தானே போக வேண்டும். ஒன்பதே காலுக்கு மோகனசுந்தரத்தை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். அன்றைக்கு ஷிப்டில் இருந்த ஒரே டெக்னீஷியன் தமிழ்ப்ரியா. அங்கே வேலை செய்த மற்ற இரண்டு டெக்னீஷியன்களும் நோயில் படுத்திருந்தார்கள்.

முழுக் கிட்டுக்குள் இருக்கிறவள் தன் தங்கைதான் என்று அவனுக்குத் தெரிந்ததா என்று அவளுக்கு நிச்சயமில்லை. மேசையில் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தாள். கை கொதித்தது. கண்ணாடிக்குப் பின்னால் வந்து மைக்கை அழுத்தினாள்.

“மூச்ச இழுண்ணா. புடிச்சுக்கோ.”

பிடிக்க முடியவில்லை. இரண்டு நொடிக்குள் நெஞ்சு உதறியது. மறுபடியும் சொன்னாள். மறுபடியும் அப்படியே. சரி, எப்படி வருகிறதோ வரட்டும் என்று எடுத்தாள். படம் அசங்கித்தான் வந்தது. அசங்கினாலும் தெரிந்தது. ஐந்து மடலிலும் வெள்ளை. கறுப்பு எங்கே என்று தேடத்தான் வேண்டியிருந்தது. அவள் மனசு தன் பாட்டுக்குக் கூட்டியது: நாலு, நாலு, மூணு, நாலு, நாலு. பத்தொன்பது.

ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது அவன் அவளைப் பார்த்தான். பேச மூச்சில்லை. வலது கையைக் கொஞ்சம் தூக்கி, விரல்களை விரித்து, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான். எத்தனை என்று கேட்கிறான்.

தமிழ்ப்ரியா திரும்பி மருந்துத் துணியை எடுத்து, அவன் படுத்திருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஸ்ட்ரெச்சரின் சக்கரம் வாசற்படியில் ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது. துடைத்து முடித்துவிட்டு மைக்கில் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அன்றைக்கு முப்பத்தொரு பேருக்குப் படம் எடுத்தாள். ஒரு தப்பும் நேரவில்லை.

மத்தியானம் ஒரு இடைவெளியில் லேப் கதவைத் தட்டி, அண்ணன் பெயரையும் தேதியையும் சொன்னாள். லிஜி கம்ப்யூட்டரில் தேடி எடுத்தாள். பிறகு திரையை இவள் பக்கம் திருப்பினாள். வீக்கத்தைக் காட்டுகிற சி.ஆர்.பி. பத்துக்குள் இருக்க வேண்டியது, நூற்றுப் பதினெட்டு. நானூற்றுக்குள் இருக்க வேண்டிய ஃபெரிட்டின் ஆயிரத்து அறுநூற்றைம்பது. இரத்தம் உறைவதைக் காட்டுகிற டி-டைமர் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. எல்லாம் சிவப்பு எழுத்தில்.

“இது மூணாம் நாள் எடுத்ததா லிஜி?”

“அதே, அன்னிக்கு எடுத்ததுதான். வைகிட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கே போனுக்குப் போயிருக்கு.” லிஜியின் தமிழில் மலையாளம் கலந்திருக்கும். “எனிக்கு அறிஞ்சில்ல தமிழே. நான் நம்பர் மட்டுமே பாக்கறது. உன் சேட்டன்றதுன்னு அறிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேனே.”

“உன்மேல என்ன தப்பு” என்றாள் தமிழ்ப்ரியா. அடுத்தவர் காத்திருந்ததால் போய்விட்டாள்.

படம் சொல்லாததை இரத்தம் அன்றைக்கே சொல்லியிருந்தது. நெருப்பு உள்ளே பிடித்துவிட்டது, நுரையீரலுக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்று. அந்த இரண்டு மூன்று நாளும் ஆறு என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒரு வீடே நிம்மதியாக இருந்தது.

மோகனசுந்தரம் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தான். ஐந்தாம் நாள் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் மூச்சு விட வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை நர்ஸ் போன் பண்ணிச் சொல்வாள். தமிழ்ப்ரியா கேட்டு, மோனிஷாவுக்கும் அம்மாவுக்கும் சுருக்கிச் சொல்வாள். சுருக்கும்போது அவள் எண் எதையும் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வந்த போன் சுருக்கத் தேவையில்லாததாக இருந்தது.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. மின்மயானத்தில் இரண்டே பேருக்கு அனுமதி. மோனிஷாவும் அவளும் கிட் போட்டுக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார்கள். உடம்பை வைத்திருந்த பையின் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி முகத்தைக் காட்டினார்கள். கன்னத்தில் மாஸ்க் அழுத்திய தழும்பு இருந்தது. பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நல்லேப்பிள்ளியில் அம்மா கமலாத்தாள், “என்ர சாமி, என்ர சாமி” என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அக்கம் பக்கத்தவர்கள் வேலிக்கு அப்பால் நின்றே அழுதார்கள். தமிழ்ப்ரியாவுக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தாள். அண்ணன் போன ஆறாம் நாள் சென்டரிலிருந்து மேனேஜர் ரொம்பத் தயங்கித் தயங்கிப் போன் செய்தார். “நாளைக்கு வர்றனுங்க” என்று இவளே முந்திக்கொண்டு சொன்னாள். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது வீட்டில் இருப்பதைவிடச் சுலபமாக இருந்தது.

ஜூன், ஜூலையில் கூட்டம் குறைந்தது. அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். மோனிஷாவும் அவளும் ஒரே அடுக்களையில் புழங்கினார்கள். உப்பு எங்கே, குழந்தைக்கு ஊசி போடணும், தேங்காய் போட ஆள் வரச் சொல்லு, இப்படித்தான் பேச்சு. அந்த ஆறைப் பற்றி இருவரும் பேசவில்லை. மோனிஷா ஒரு நாள் கேட்பாள், கேட்கட்டும் என்று தமிழ்ப்ரியா பதிலைத் தயார் செய்து வைத்திருந்தாள். தப்பு என்மேல்தான் நங்கை. அவ்வளவுதான் பதில்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோனிஷா பீரோவிலிருந்து இரண்டு பெரிய கவர்களை எடுத்து வந்தாள். இரண்டும் சென்டரின் பெயர் போட்டவை.

“இதுல என்ன இருக்குதுன்னு எனக்குக் காட்டு தமிழு. நான் பாத்ததே இல்ல.”

தமிழ்ப்ரியா ஜன்னல் வெளிச்சத்தில் முதல் ஃபிலிமைப் பிடித்தாள். இது நெஞ்சைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி, இது இருதயம், கறுப்பாக இருப்பது காற்று, இந்த ஓரத்து மங்கல்தான் நோய் என்று ஒவ்வொன்றாக விரலால் காட்டினாள். சென்டருக்கு வருகிற மாணவிகளுக்குச் சொல்வது போலவே குரல் இருந்தது. பிறகு இரண்டாவதைப் பிடித்தாள். இதில் சொல்ல ஒன்றுமில்லை. மோனிஷாவே பார்த்துக்கொண்டாள்.

“நாலு நாள்லயா இப்படி ஆச்சு?”

“ஆமாங்க.” ஃபிலிமை இறக்கினாள். “நான் அன்னிக்கு ஆறுனு சொல்லியிருக்கக் கூடாதுங்க நங்கை. மூணாம் நாள் படத்துல ஒண்ணும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ரத்த ரிப்போர்ட்டையும் நான் பாக்கல. பக்கத்து ரூம்லதான் இருந்துச்சு.”

மோனிஷா ஃபிலிமைக் கவருக்குள் திரும்ப நுழைத்துக்கொண்டே சொன்னாள். “நான் பாத்தேன்.”

“எதைங்க?”

“ரத்த ரிப்போர்ட்ட. உங்கண்ணன் என்ர நம்பரத்தான் குடுத்திருந்தாரு, அது என்ர போனுக்குத்தான் வந்துச்சு. எல்லாஞ் செவப்பாவே இருந்துச்சு. தமிழுக்கு அனுப்பிக் கேக்கட்டுமான்னு கேட்டேன். ஸ்கேன்லதான் ஆறுன்னு சொல்லிட்டாளே, அவ அங்க ராப்பகலாச் சாவறா, இத வேற அனுப்பாதன்னாரு உங்கண்ணன். சரின்னு வெச்சுட்டேன். அப்புறம் ரெண்டு நாளும் அத எடுத்து எடுத்துப் பாத்துட்டேதான் இருந்தேன். அனுப்பல.”

தமிழ்ப்ரியாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பாரம் பாதியாவது குறைந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றாவது வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். மோனிஷா கவரின் ஓரத்தை நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சு மாதமாக இவளும் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்துக்கொண்டு, தமிழ்ப்ரியா கேட்பாள் என்று காத்திருந்திருக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது.

“அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாப் பொழச்சிருப்பாரா?” என்று மோனிஷா கேட்டாள்.

“தெரியாதுங்க. அன்னிக்கே போனவங்கள்ளயும் செத்தவங்க இருக்கறாங்க. இருபத்தி ரெண்டு வாங்குனவரு ஒருத்தரு போன வாரம் நடந்து வந்து திரும்பப் படம் எடுத்துட்டுப் போனாரு. எனக்குத் தெரியலீங்க.”

அண்ணன் மகள் ஆர்த்தி பசிக்கிறது என்று வந்து நின்றாள். மோனிஷா எழுந்து மாவைக் கலக்கப் போனாள். தமிழ்ப்ரியா கவர்களை எடுத்து பீரோவின் மேல்தட்டில் வைத்தாள்.

மறுநாள் அவள் மேனேஜரிடம் போய் ஒரு விஷயம் கேட்டாள். ஸ்கேனும் இரத்தமும் இரண்டும் கொடுக்கிறவர்களுக்கு இரண்டு ரிப்போர்ட்டையும் தனித்தனியாக அனுப்பக் கூடாது. சேர்த்து ஒரே தாளாக, யாராவது ஒரு டாக்டர் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்றாள். அலை ஓய்ந்த பிறகு எதற்கு என்று அவர் முதலில் இழுத்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். சரி என்றார். லிஜி அன்றைக்கே அதற்கு ஒரு படிவம் தயார் செய்தாள். இன்றைக்கும் அந்த சென்டரில் அப்படித்தான் கொடுக்கிறார்கள். ஏன் என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது.

நவம்பரில் பள்ளிக்கூடங்கள் திறந்தபோது ஆர்த்தி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். மோகனசுந்தரத்தின் கம்பெனியிலேயே மோனிஷாவுக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அதனால் குழந்தைக்குத் தலை பின்னி, டிபன் கட்டி, ஸ்கூட்டியில் பள்ளிக்கூடத்தில் விடுவது தமிழ்ப்ரியாவின் வேலை ஆயிற்று. முதல் நாள் பின்னல் கோணலாக விழுந்துவிட்டது. ஆர்த்தி கண்ணாடியில் பார்த்துவிட்டு, “அம்மா பின்னுறாப்பல இல்ல அத்தை” என்றாள். “நாளைக்கு ஒழுங்காப் பின்னறேன் கண்ணு” என்று சொல்லிவிட்டு, அவிழ்த்து மறுபடியும் பின்ன ஆரம்பித்தாள்.